மரைக் கணக்கு: பிட்ச் டயாவைப் பிடித்தால் மற்றதெல்லாம் வரும்

எம்20 (20 மில்லிமீட்டர் மெட்ரிக்) மரை போடச் சொல்லி ஒரு ஜாப் வருகிறது. ஓடியை, அதாவது வெளி விட்டத்தை, டர்னிங் செய்து, சார்ட்டில் ஆழம் 1.534 என்று பார்த்து, டயலில் அதே அளவு கொடுத்து முடித்துவிட்டு நட்டைப் போட்டால் ஏறவில்லை. சரி, இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று வெட்டிக்கொண்டே போய் ஒருவழியாக நட் ஏறும்போது அது லொடலொடவென்று ஆடுகிறது. சார்ட் தப்பு என்று பலர் சொல்வார்கள். சார்ட் தப்பில்லை. அந்த 1.534 எந்த மாதிரி டூல் முனைக்குப் பொருந்தும் என்பதைச் சார்ட் சொல்வதில்லை, நாமும் கேட்பதில்லை, அவ்வளவுதான்.

போல்ட்டும் நட்டும் ஒன்றையொன்று தொடுவது மரையின் சாய்ந்த பக்கங்களில். உச்சியிலும் அடியிலும் வேண்டுமென்றே இடைவெளி விட்டிருப்பார்கள். ஆகவே ஓடி சரியாக இருந்தாலும், ஆழம் சரியாக இருந்தாலும், அந்தச் சாய்வுப் பக்கங்கள் இருக்கவேண்டிய இடத்தில் இல்லையென்றால் மரை கெட்டதுதான். அந்த இடத்தைச் சொல்லும் ஒரே அளவு பிட்ச் டயா: மரையின் பல்லின் அகலமும் பள்ளத்தின் அகலமும் சமமாக இருக்கும் விட்டம். ஓடி, கோர் டயா (மரைப் பள்ளத்தின் அடி விட்டம்), ஆழம், டேப் டிரில் (உள் மரை வெட்டும் டேப்பை இறக்குமுன் போடும் துளை) எல்லாம் அதைச் சுற்றி வருபவை. இந்தக் கட்டுரை முழுக்க எல்லாக் கணக்கையும் பிட்ச் டயாவில் கொண்டுபோய்த்தான் முடிக்கப் போகிறேன். உதாரணத்துக்கு எம்20, பிட்ச் (ஒரு மரைக்கும் அடுத்த மரைக்கும் உள்ள தூரம்) 2.5, சாதாரண மரை. அளவெல்லாம் மில்லிமீட்டரில்.

முதலில் முக்கோணம்

மெட்ரிக் மரை 60 டிகிரி. இரண்டு பக்கச் சாய்வுகளையும் கூர்மையாக நீட்டினால் ஒரு சமபக்க முக்கோணம் வரும், அதன் அடி ஒரு பிட்ச், உயரம் பிட்ச்சில் 0.866 பங்கு. இந்த 0.866 ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொண்டால் போதும், மீதி எண்கள் எல்லாம் அதிலிருந்து பிறப்பவைதான். உச்சியில் அந்த உயரத்தில் எட்டில் ஒரு பங்கை வெட்டிவிடுகிறார்கள், நட்டின் உள் உச்சியில் கால் பங்கை வெட்டிவிடுகிறார்கள், போல்ட்டின் அடியில் வளைவு விடுகிறார்கள். அப்படிக் கிடைப்பவை இவை:

பிட்ச் டயா = ஓடி − 0.6495 × பிட்ச்
நட்டின் உள் விட்டம் = ஓடி − 1.0825 × பிட்ச்
போல்ட்டின் கோர் டயா = ஓடி − 1.2269 × பிட்ச்

இங்கே ஓடி என்பது பெயரில் உள்ள அளவு, அதாவது 20. நாம் டர்னிங் செய்த அளவு அல்ல. எம்20-க்குப் போட்டுப் பார்த்தால் பிட்ச் டயா 18.376, நட்டின் உள் விட்டம் 17.294, கோர் டயா 16.933. சார்ட்டில் இருக்கும் எண்களும் இவைதான்.

ஆனால் இவை அடிப்படை அளவுகள். போல்ட்டை அப்படியே 18.376-க்குப் போட்டு, நட்டும் அப்படியே 18.376-க்கு இருந்தால் இரண்டுக்கும் நடுவே காற்றுக்கூடப் போகாது. அதனால் போல்ட்டைச் சற்றுக் குறைவாகவும் நட்டைச் சற்றுக் கூடுதலாகவும் விடுகிறோம். டிராயிங்கில் வேறொன்றும் குறிப்பிடவில்லை என்றால் பொதுவாகப் போல்ட்டுக்கு 6ஜி, நட்டுக்கு 6எச் என்னும் அளவு வரம்பு. எம்20-இல் 6ஜி என்றால் ஓடி 19.623 முதல் 19.958 வரை, பிட்ச் டயா 18.164 முதல் 18.334 வரை. நட்டுக்கு 6எச் என்றால் பிட்ச் டயா 18.376 முதல் 18.600 வரை, உள் விட்டம் 17.294 முதல் 17.744 வரை.

இந்த எண்களைக் கொஞ்சம் நின்று பாருங்கள். ஓடிக்கு 0.335 சலுகை இருக்கிறது. பிட்ச் டயாவுக்கு 0.170தான், ஏறக்குறைய பாதி. ஓடியை மைக்ரோமீட்டரில் பிடித்து நூறில் ஒரு பங்கு பார்த்து டர்னிங் செய்துவிட்டு, பிட்ச் டயாவை நட் போட்டுக் குத்துமதிப்பாக முடிப்பது தலைகீழ் வேலை. ஓடி 19.8 வந்தால் போதும், நிம்மதியாக அடுத்த வேலைக்குப் போகலாம். வெட்டும்போது உச்சியில் பிசிறு எழும்பி ஓடி கொஞ்சம் கூடும், அதற்கும் அதில் இடம் இருக்கிறது.

ஆழம்: எல்லாரும் தடுக்கி விழும் இடம்

இப்போது அந்த 1.534-க்கு வருவோம். 0.6134 × 2.5 = 1.534. இதில் 0.6134 எங்கிருந்து வந்தது? மரையின் அடி, பிட்ச்சில் 0.1443 பங்கு ஆரமுள்ள வளைவு என்று வைத்துக்கொண்டு வந்தது. 2.5 பிட்ச்சுக்கு அது 0.36 ஆரம். உங்கள் டூல் முனையில் 0.36 ஆரம் இருந்தால் 1.534 ஆழம் கச்சிதம். கிரைண்டிங் வீலில் நாமே பிடித்த டூலின் முனை அதைவிட எவ்வளவோ கூர்மையாக இருக்கும். பல பிட்ச்சுக்கும் ஒரே இன்சர்ட் (டூலில் மாட்டும் மாற்று வெட்டு முனை) என்று விற்கிற பாதி வடிவ இன்சர்ட்டும் அப்படித்தான், அதில் போடக்கூடிய மிகச் சிறிய பிட்ச்சுக்கு ஏற்றபடி முனையை வைத்திருப்பார்கள். கூர்மையான முனை அதே ஆழத்தில் குறுகலான பள்ளத்தைத்தான் வெட்டும். பள்ளம் குறுகினால் பல் தடிக்கும், பல் தடித்தால் பிட்ச் டயா பெரிதாகும், நட் ஏறாது.

இதற்கு ஒரு சூத்திரம் இருக்கிறது. சார்ட்டில் இது அதிகம் கண்ணில் படாது, ஆனால் எல்லாச் சார்ட்டையும்விட இது எனக்குப் பிடித்தது:

டூல் முனை நிற்கவேண்டிய விட்டம் = வேண்டிய பிட்ச் டயா − 0.866 × பிட்ச் + 2 × முனை ஆரம்

முனையில் ஆரத்துக்குப் பதில் தட்டையாகப் பிடித்திருந்தால் கடைசிப் பகுதிக்குப் பதிலாக 1.732 × தட்டையின் அகலம் என்று கூட்டுங்கள். அவ்வளவுதான். கூர்மையாக இருக்க இருக்க முனை ஆழமாகப் போகவேண்டும் என்பதை அந்தக் கூட்டல் சொல்லிவிடுகிறது.

எம்20-க்குப் போட்டுப் பார்ப்போம். 6ஜி வரம்பின் நடுவே பிட்ச் டயா 18.25 வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள், இன்சர்ட்டின் முனை ஆரம் 0.15. அப்போது 18.25 − 2.165 + 0.30 = 16.385. சார்ட் சொன்ன கோர் டயா 16.933-ஐவிட விட்டத்தில் அரை மில்லிமீட்டருக்கும் மேல் குறைவு. பயப்பட வேண்டாம், சரியான கணக்குதான். இதையே திருப்பிப் போட்டுப் பாருங்கள்: அதே இன்சர்ட்டை 16.933-இல் நிறுத்தியிருந்தால் கிடைக்கும் பிட்ச் டயா 16.933 + 2.165 − 0.30 = 18.798. நட்டின் உச்ச வரம்பே 18.600. இப்போது தெரிகிறதா அந்த நட் ஏன் ஏறவில்லை என்று?

ஆழமாகப் போனால் கோர் மெலிந்து போல்ட் பலவீனமாகாதா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. கொஞ்சம் மெலியும், அதோடு கூர்மையான அடியில்தான் விரிசல் தொடங்கும். சும்மா ஒரு பிராக்கெட்டை இறுக்கும் போல்ட் என்றால் கவலை இல்லை. ஆட்டம், அதிர்வு, திரும்பத் திரும்ப இழுவை தாங்கவேண்டிய போல்ட் என்றால் பாதி வடிவ இன்சர்ட்டை ஓரம் வையுங்கள், அந்தப் பிட்ச்சுக்கே உரிய முழு வடிவ இன்சர்ட்டை வாங்குங்கள். அதில் அடியின் வளைவும் உச்சியின் வடிவமும் சேர்ந்தே வந்துவிடும். உச்சியையும் அதுவே வெட்டும் என்பதால் ஓடியில் சிறிது கூடுதல் விட்டு டர்னிங் செய்யவேண்டும்.

உள் மரைக்கு அதே சூத்திரம் குறி மாறி வரும்: வேண்டிய பிட்ச் டயா + 0.866 × பிட்ச் − 2 × முனை ஆரம். எம்20 நட்டுக்கு 18.49 எடுத்துக்கொண்டு, போரிங் பார் இன்சர்ட்டின் முனை ஆரம் 0.10 என்றால் 18.49 + 2.165 − 0.20 = 20.455. துளையை முதலில் 17.5-க்கு போரிங் செய்துகொள்ளுங்கள், 17.294 முதல் 17.744 வரை உள்ள வரம்பில் அது பாதுகாப்பான இடம்.

மெஷினில் கொடுப்பது

சிஎன்சியில் ஜி76 சைக்கிள் (மரை வெட்டும் கட்டளை) போடுபவர்களுக்கு, எக்ஸ் இடத்தில் மேலே கணக்கிட்ட முனை விட்டம் போகும், அதாவது 16.385. மரை உயரம் கேட்கும் இடத்தில் சார்ட் ஆழத்தைப் போடாதீர்கள். டர்னிங் செய்த ஓடியிலிருந்து எக்ஸைக் கழித்துப் பாதியாக்குங்கள்: (19.8 − 16.385) ÷ 2 = 1.7075. கன்ட்ரோல் மைக்ரானில் கேட்டால் 1708. ஃபீட் 2.5. முதல் கட் எவ்வளவு கொடுக்கிறீர்களோ அதை வைத்து எத்தனை கட் வரும் என்றும் சொல்லிவிடலாம், உயரத்தை முதல் கட்டால் வகுத்து, வந்ததை அதாலேயே பெருக்குங்கள். 1.708 ÷ 0.4 = 4.27, அதன் வர்க்கம் 18 சொச்சம். ஏன் வர்க்கம் என்றால், ஆழம் போகப்போக டூல் அகலமாக வெட்டுவதால், ஒவ்வொரு கட்டிலும் எடுக்கும் உலோகம் சமமாக இருக்கும்படி கன்ட்ரோல் ஆழத்தைக் குறைத்துக்கொண்டே வருகிறது. வேகம் நிலையான ஆர்பிஎம்மில் இருக்கட்டும், விட்டத்துக்கேற்ப வேகம் மாறும் கட்டளையை மரைக்கு விட்டுவைக்கக் கூடாது. டூல் தொடங்கும் இடம் ஜாப்பின் முகத்திலிருந்து குறைந்தது மூன்று பிட்ச்சாவது தள்ளி இருந்தால்தான் ஸ்லைடு வேகம் பிடித்து முதல் மரையின் பிட்ச் சரியாக வரும்.

சாதாரண லேத்தில் கம்பவுண்ட் ஸ்லைடை (டூலைத் தாங்கும், கோணத்தில் திருப்பக்கூடிய மேல் ஸ்லைடை) சாய்த்து வெட்டுபவர்களுக்கு ஒரு திருத்தம் தேவை. ஸ்லைடை 30 டிகிரியில் வைத்திருந்தால் அதன் டயலில் நீங்கள் தரும் அளவில் 0.866 பங்குதான் உள்ளே போகிறது. ஆகவே ஆழத்தை 0.866-ஆல் வகுத்துத்தான் டயலில் கொடுக்கவேண்டும். 1.7075 ஆழத்துக்கு 1.972. இருபத்தொன்பதரை டிகிரியில் வைப்பவர்கள் 0.870-ஆல் வகுக்கலாம், வித்தியாசம் பத்து மைக்ரான் கணக்குதான், கை வேலையில் கண்ணுக்குத் தெரியாது.

ஸ்லைடைச் சாய்ப்பதில் குழப்பிக்கொள்பவர்கள் உண்டு. சில மெஷினில் டிகிரி குறி கிராஸ் ஸ்லைடுக்கு இணையாக இருக்கும்போது பூஜ்யம், சிலவற்றில் பெட்டுக்கு இணையாக இருக்கும்போது பூஜ்யம். நாம் பேசுகிற 30 டிகிரி, கிராஸ் ஸ்லைடு போகும் திசையிலிருந்து அளப்பது. பெட்டிலிருந்து அளக்கும் குறி என்றால் அது 60. தப்பாக வைத்தால் டயல் கணக்கு மொத்தமும் போச்சு.

கம்பி வைத்து அளப்பது

இவ்வளவு கணக்குப் போட்டும், டூல் முனை ஆரம் 0.15 என்று நினைத்தது தேய்ந்து 0.2 ஆகியிருக்கலாம், டூல் ஜீரோ எடுத்ததில் சில நூறாம்சம் பிசகியிருக்கலாம். அதனால் கணக்கு நம்மைப் பக்கத்தில் கொண்டுபோய் விடும், முடிப்பது அளந்துதான் முடியவேண்டும். கோ, நோ-கோ கேஜ் இருந்தால் அது ஏறுமா ஏறாதா என்று சொல்லும், இன்னும் எவ்வளவு வெட்டவேண்டும் என்று சொல்லாது. அதைச் சொல்ல மூன்று கம்பி வேண்டும்.

மரையின் ஒரு பக்கத்துப் பள்ளத்தில் ஒரு கம்பி, எதிர்ப் பக்கத்தில் அடுத்தடுத்த பள்ளங்களில் இரண்டு கம்பி, மேலே மைக்ரோமீட்டர். படிக்கும் அளவு இப்படி வரும்:

மைக்ரோமீட்டர் அளவு = பிட்ச் டயா + 3 × கம்பி விட்டம் − 0.866 × பிட்ச்

கம்பி சரியாகப் பிட்ச் டயாவில் உட்காரவேண்டும் என்றால் அதன் விட்டம் 0.577 × பிட்ச், அதாவது 2.5-க்கு 1.443. அந்த செட் கையில் இல்லையா? கவலை வேண்டாம், 1.5 டிரில் பிட் மூன்றின் தண்டு போதும். 60 டிகிரி மரையின் கோணம் சரியாக இருக்கும்வரை 1.4-க்கும் 1.7-க்கும் இடையில் எந்தக் கம்பியும் சரியான பதிலையே தரும். 1.5 என்று வைத்தால் 4.5 − 2.165 = 2.335. பிட்ச் டயாவோடு 2.335 கூட்டினால் மைக்ரோமீட்டர் காட்டவேண்டிய அளவு. எம்20, 6ஜி என்றால் 20.499-க்கும் 20.669-க்கும் நடுவில் எங்கிருந்தாலும் ஜாப் பாஸ்.

ஒரே ஒரு எச்சரிக்கை. 1.5 என்று பிட்டின் மேல் பொறித்திருக்கிறது என்பதற்காக 1.5 என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். தண்டு கொஞ்சம் குறைவாகவே இருக்கும். மூன்றையும் தனித்தனியாக மைக்ரோமீட்டரில் அளந்து, மூன்றும் ஒரே அளவா என்று பார்த்து, அந்த அளவைச் சூத்திரத்தில் போடுங்கள். கம்பியில் 0.02 பிசகினால் பதிலில் மூன்று மடங்கு, 0.06 பிசகும். 0.170 மொத்தச் சலுகையில் மூன்றில் ஒரு பங்கு அங்கேயே கரைந்துவிடும். கம்பி கீழே விழாமல் நிற்க ஒரு பொட்டு கிரீஸ் போதும், ஆனால் மரைப் பள்ளத்தில் சில் (உலோகச் சீவல்) எதுவும் ஒட்டியிருக்கக் கூடாது, பிரஷ் போட்டுத் துடைத்த பிறகே கம்பியை வையுங்கள்.

இந்த அளவின் அழகு என்னவென்றால் அடுத்த கட் எவ்வளவு என்று உடனே தெரிந்துவிடும். மைக்ரோமீட்டர் 20.70 காட்டுகிறது, வேண்டியது 20.58 என்றால் 0.12 மிச்சம். சிஎன்சியில் வேர் ஆஃப்செட்டில் எக்ஸில் 0.12 கழித்து இன்னொரு முறை ஓட்டலாம். கிராஸ் ஸ்லைடில் நேராக வெட்டினால் 0.06 உள்ளே. சாய்த்த கம்பவுண்டில் 0.12 ÷ 1.732 = 0.07. ஜாப்பை சக்கிலிருந்து கழற்றாமல் அளப்பதுதான் முக்கியம், கழற்றி மாட்டினால் பழைய மரையில் டூலைத் திரும்பப் பிடிப்பது தனி வேலை.

டேப் போடும்போது

டேப் டிரில்லுக்கு ஓடியிலிருந்து பிட்ச்சைக் கழிக்கும் பழைய வழக்கம் நல்ல வழக்கம். எம்6 என்றால் 5, எம்10 என்றால் 8.5, எம்16 என்றால் 14, எம்20 என்றால் 17.5. எம்8-க்கு 6.75 வரும், கடையில் கிடைப்பது 6.8. எம்12-க்கு 10.25 வரும், பெட்டியில் இருப்பது 10.2. இரண்டுமே வரம்புக்குள்தான். நுண் மரைக்கும் இதே வழி, எம்10 பிட்ச் 1.25 என்றால் 8.75, எடுத்துக்கொள்வது 8.8.

சரி, டேப் அடிக்கடி உடைகிறதே, அதற்கு என்ன? எம்10 நட்டின் உள் விட்டம் 8.376 முதல் 8.676 வரை போகலாம். 8.5 டிரில் போட்டு ஸ்டெயின்லெஸ்ஸில் டேப் திணறுகிறது என்றால் 8.6 போடுங்கள், வரம்புக்குள்தான் இருக்கிறீர்கள், டேப்புக்குச் சுமை வெகுவாகக் குறையும். டிரில் தன் அளவைவிடச் சற்றுப் பெரிதாகவே துளை போடும் என்பதையும் கணக்கில் வையுங்கள், துளையை அளந்த பிறகு முடிவெடுப்பது நல்லது. அமெரிக்கச் சார்ட்டில் 75 சதவீத மரை என்று பார்த்துவிட்டு மரை கால் பங்கு குறைந்துவிட்டதே என்று பதற வேண்டாம். அவர்கள் 1.299 × பிட்ச் என்பதை நூறு சதவீதமாக வைத்து வகுக்கிறார்கள், அந்தக் கணக்கில் 8.5 டிரில்லே 77 சதவீதம்தான்.

சில் எடுக்காமல் உலோகத்தை அழுத்தி மரை எழுப்பும் ரோல் டேப்புக்கு இந்தக் கணக்கு உதவாது. அங்கே ஓடியிலிருந்து பாதி பிட்ச்சைக் கழிக்கவேண்டும், எம்10-க்கு 9.25 அல்லது 9.3. 8.5 துளையில் ரோல் டேப்பை இறக்கினால் டேப் உள்ளேயே நின்றுவிடும்.

இன்ச் மரை வந்தால்

பழைய மெஷின், பம்ப், பைப் வேலை செய்பவர்களுக்கு இன்ச் மரையிலிருந்து தப்பிக்க முடியாது. இன்ச்சுக்கு எத்தனை மரை என்று சொல்வார்கள், 25.4-ஐ அதால் வகுத்தால் பிட்ச். கோணம்தான் கவனிக்கவேண்டியது. 1841-இல் இங்கிலாந்தில் ஜோசப் விட்வொர்த் முன்வைத்தது 55 டிகிரி, 1864-இல் அமெரிக்காவில் வில்லியம் செல்லர்ஸ் முன்வைத்தது 60 டிகிரி, இன்றைக்கும் இரண்டு வம்சமும் நம் பட்டறையில் புழங்குகிறது. அமெரிக்க வகைகளான யுஎன்சி, யுஎன்எஃப் வந்தால் மேலே சொன்ன 60 டிகிரி சூத்திரங்கள் அப்படியே பொருந்தும். பிரிட்டிஷ் வகைகளான பிஎஸ்டபிள்யூ (விட்வொர்த் மரை), பிஎஸ்பி (பைப் மரை) வந்தால் 55 டிகிரி, எண்கள் மாறும்:

பிட்ச் டயா = ஓடி − 0.6403 × பிட்ச்
டூல் முனை விட்டம் = பிட்ச் டயா − 0.9605 × பிட்ச் + 2.331 × முனை ஆரம்
மூன்று கம்பி அளவு = பிட்ச் டயா + 3.1657 × கம்பி − 0.9605 × பிட்ச்

பிஎஸ்பியில் அரை இன்ச் என்றால் 12.7 என்று நினைத்து ஜாப்பை டர்னிங் செய்துவிடக் கூடாது, அது பைப்பின் பெயர். மரையின் ஓடி 20.955, இன்ச்சுக்கு 14 மரை, பிட்ச் 1.814, பிட்ச் டயா 19.793. முக்கால் இன்ச் 26.441, ஒரு இன்ச் 33.249. இவற்றைக் கணக்கிட்டு வரவழைக்க முடியாது, சார்ட்டில்தான் பார்க்கவேண்டும்.

மாதிரி போல்ட் ஒன்றைக் கொடுத்து இதைப் போலப் போடு என்பவர்கள் வரும்போதுதான் நிஜமான சிக்கல். எம்20-ம் முக்கால் இன்ச் போல்ட்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். முக்கால் இன்ச்சுக்கு 10 மரை, பிட்ச் 2.54. பிட்ச் கேஜில் 2.5 இலையை வைத்தால் நான்கைந்து மரைக்கு நன்றாக உட்கார்ந்த மாதிரியே தெரியும். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து நீளமாக வைத்துப் பாருங்கள், பத்து மரையில் 0.4 தள்ளிப்போயிருக்கும், அப்போது இலையின் ஒரு முனை மரையின் மேலேறி நிற்கும். வெர்னியரில் ஓடி 19.6-க்கு மேல் இருந்தால் எம்20, 19.05-க்குக் கீழே இருந்தால் முக்கால் இன்ச். அப்புறம் முக்கால் இன்ச்சிலும் பிஎஸ்டபிள்யூவுக்கும் யுஎன்சிக்கும் ஒரே 10 மரைதான், கோணம் மட்டும் வேறு. நட் இரண்டிலும் ஏறிவிடும், ஆனால் பக்கங்கள் முழுதாகத் தொடாது, சுமை வந்தால் மரை உருவிக்கொள்ளும். இதை 55, 60 சென்டர் கேஜ் வைத்துப் பார்த்தால்தான் பிரிக்க முடியும்.

லீட் ஸ்குரூ (மரை வெட்டும்போது டூலை நகர்த்தும் திருகுத் தண்டு) இன்ச்சில் இருக்கும் லேத்தில் மெட்ரிக் மரை வெட்ட 127 பல் கியர் வேண்டும். ஓட்டும் கியருக்கு மேலே 5 × பிட்ச் × லீட் ஸ்குரூவின் இன்ச்சுக்கு மரை, கீழே 127. நாலு மரை லீட் ஸ்குரூவில் 2.5 பிட்ச்சுக்கு 50-க்கு 127. 127 இல்லாதவர்கள் 63-ம் 160-ம் விகிதம் வரும்படி கூட்டுக் கியர் போட்டுச் சமாளிக்கலாம், 100 மில்லிமீட்டர் நீளத்தில் 0.0125தான் பிசகும், சின்ன போல்ட்டுக்கு அது ஒன்றுமே இல்லை. ஆனால் இந்த மாற்றுக் கணக்கு நடக்கும் லேத்தில் ஒவ்வொரு கட்டுக்கும் அரை நட்டை (டூலை லீட் ஸ்குரூவோடு இணைக்கும் பிடியை) திறக்காமல் மெஷினைப் பின்னோக்கி ஓட்டியே டூலைத் திரும்பக் கொண்டுவாருங்கள், திறந்தால் அடுத்த கட் வேறு இடத்தில் விழும்.

ஸ்டார்ட் (ஒரே தண்டில் இணையாக ஓடும் மரைகள்) இரண்டு, மூன்று என்று இருந்தால் ஃபீடுக்கு லீடைக் கொடுங்கள், அதாவது ஒரு சுற்றுக்கு நகரும் தூரம், பிட்ச் × ஸ்டார்ட். ஆழம், பிட்ச் டயா, டூல் எல்லாம் பிட்ச்சை வைத்துத்தான். இரட்டை ஸ்டார்ட்டில் லீடை வைத்து ஆழம் போட்டால் ஷாஃப்ட்டே அறுந்துவிடும்.

பிளேட்டிங்குக்குப் போகும் ஜாப்

ஜாப் கோ கேஜில் அருமையாக ஏறி, துத்தநாகப் பூச்சு போட்டுத் திரும்பி வந்ததும் ஏற மறுக்கும். பூச்சு போட்டவர்மேல் கோபப்படுவதற்கு முன் கணக்கைப் பாருங்கள். 60 டிகிரி மரையில் பூச்சின் தடிமன் எவ்வளவோ அதைப் போல நாலு மடங்கு பிட்ச் டயா கூடும். 8 மைக்ரான் பூச்சுக்கு 32 மைக்ரான். 6ஜியில் எம்10-க்குக் கிடைக்கும் இடைவெளி சரியாக 32 மைக்ரான், எம்20-க்கு 42. ஆக எம்10-இல் பிட்ச் டயாவை 6ஜியின் மேல் வரம்பில் விட்டால் 8 மைக்ரான் பூச்சோடு இடம் முடிந்துவிடுகிறது. மரையின் முனைகளில் பூச்சு தடித்துப் படிவதால் அங்கேதான் முதலில் பிடிக்கும். பிளேட்டிங் இருக்கிறது என்று தெரிந்தால் பிட்ச் டயாவை வரம்பின் கீழ்ப்பகுதியில் வைத்து வெட்டுங்கள், டிராயிங் போட்டவரிடம் அளவு பூச்சுக்கு முன்னா பின்னா என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஹாட் டிப் கால்வனைசிங் என்றால் பூச்சு இதைவிடப் பல மடங்கு தடிமன், அதற்கு நட்டையே பெரிதாக டேப் போடுவதுதான் வழக்கம், போல்ட்டில் சமாளிக்கப் பார்க்காதீர்கள்.

கம்பி அளவு கச்சிதமாக வந்தும், பூச்சும் இல்லாமல், நட் இரண்டு மூன்று சுற்று சுலபமாக ஏறி அதன்பின் இறுகினால் ஆழத்தைத் தொடாதீர்கள். அது பிட்ச் பிசகு. நட்டின் நீளத்துக்குள் பிட்ச்சில் சேரும் பிசகைப் போல 1.732 மடங்கு பிட்ச் டயா பெரிதானதாக நட்டுக்குப் படும், 0.05 பிசகினால் 0.087. கியர் விகிதம், லீட் ஸ்குரூவின் தேய்மானம், சிஎன்சி என்றால் ஃபீட் எண்ணும் தொடக்க தூரமும், இவற்றைத்தான் பார்க்கவேண்டும். மேலும் வெட்டினால் நட் ஏறிவிடும், ஆனால் முன்பக்கத்து ஒரு மரையும் பின்பக்கத்து ஒரு மரையும் மட்டுமே சுமை தாங்கிக்கொண்டிருக்கும்.